‘நீடாமங்கலம் வீடு’ குழுவில்: யாழினி கனடா போவதா, இங்கேயே சாண்ட்விச் டிப்ளமோ (நடுவே தொழிற்சாலைப் பயிற்சி உள்ள பாலிடெக்னிக் படிப்பு) சேர்வதா?

[காலை 6:40] அப்பா: அனைவருக்கும் வணக்கம். யாழினிக்குக் கனடாவிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. ஒன்டாரியோ மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டெக்னாலஜி, மூன்றாண்டுப் படிப்பு, இடையிடையே தொழிற்சாலையில் வேலை செய்யும் கோ-ஆப் முறை. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். கல்விக் கடனுக்கு ஈடு வேண்டியிருப்பதால், கூட்டுப் பட்டாவில் உள்ள வெண்ணாற்றங்கரை நிலத்துக்கு அண்ணனும் அக்காவும் கையெழுத்திட்டு உதவ வேண்டும்.

[காலை 6:52] கமலா அத்தை: வாழ்த்துகள், யாழினி. நிலத்தைப் பற்றி அண்ணன் முதலில் சொல்லட்டும்.

[காலை 6:55] பெரியப்பா: நான் வயலில் நிற்கிறேன். நடவு இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. பிறகு பேசுகிறேன்.

[காலை 7:03] செந்தில் அண்ணன்: கோ-ஆப் என்றால் அந்த வேலைக்குச் சம்பளம் உண்டா, சித்தப்பா?

[காலை 7:21] ரவி சித்தப்பா (ஹாமில்டன், கனடா): உண்டு. எல்லோரும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இங்கே இரண்டு ஆண்டு படித்தால் டெக்னீஷியன், மூன்று ஆண்டு படித்தால் டெக்னாலஜிஸ்ட் என்று இரண்டு நிலைகள் இருக்கின்றன. யாழினிக்குக் கிடைத்திருப்பது இரண்டாவது. வரைபடத்தில் இருப்பதை இயந்திரத்தில் கொண்டுவருவதுதான் இந்தப் படிப்பின் மையம் என்பதால், கணினியில் வரைதல், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் கடைவது, உலோகங்களின் வலிமையைச் சோதிப்பது, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக்ஸ், இயந்திரங்களைத் தானாக இயக்கும் சிறு கணினியான பிஎல்சி ஆகியவற்றைக் கையால் செய்து கற்றுக்கொடுப்பார்கள். சில பருவங்கள் படித்த பிறகு, பெரும்பாலும் நான்கு மாத அளவில், ஒரு நிறுவனத்தில் ஊதியத்தோடு வேலை செய்ய வேண்டும். பிறகு வகுப்புக்குத் திரும்ப வேண்டும். 1957-இல் வாட்டர்லூவில் பல்கலைக்கழக வகுப்புகள் தொடங்கியபோதே இந்த முறையோடுதான் தொடங்கின. கனடாவில் இது வேரூன்றியது அங்கிருந்துதான்.

[காலை 7:24] கமலா அத்தை: ரவி, அந்த வேலையைக் கல்லூரியே வாங்கித் தருமா?

[காலை 7:38] ரவி சித்தப்பா (ஹாமில்டன்): இதைத்தான் அடுத்துச் சொல்ல வந்தேன், அக்கா. வாங்கித் தராது. வேலை வாய்ப்புகளைப் பட்டியலிடும், விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுக்கும், நேர்காணலுக்குப் பயிற்சி தரும். விண்ணப்பித்து, மற்ற மாணவர்களோடு போட்டியிட்டு, வேலையைப் பெற வேண்டியவள் யாழினிதான். வாகன உதிரிபாகத் தொழில் மந்தமாக இருக்கும் ஆண்டில் இடம் கிடைப்பது கடினம். கோ-ஆப்புக்கென்று கல்லூரிகள் தனிக் கட்டணமும் வாங்குகின்றன. அந்தச் சம்பளத்தை நம்பி யாரும் கடன் கணக்குப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

[காலை 7:41] அப்பா: விசாவுக்கு எவ்வளவு காட்ட வேண்டும்?

[காலை 7:50] ரவி சித்தப்பா (ஹாமில்டன்): முதல் ஆண்டுக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, தனியாக வரும் மாணவர் வாழ்க்கைச் செலவுக்கென்று 2023 வரை 10,000 கனடிய டாலர் காட்டினால் போதும். 2024 ஜனவரியில் அதை 20,635 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் 22,895 ஆக்கினார்கள். என் காலத்துக் கணக்கை இப்போது யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

[காலை 7:52] கமலா அத்தை: உன் காலத்துக் கணக்கில்தான் தெற்குத் தோப்பு போயிற்று.

[காலை 7:53] பெரியப்பா: கமலா, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

[காலை 7:55] யாழினி: பெரியப்பா, இயந்திரம் ஓடுகிறதா?

[காலை 7:58] பெரியப்பா: என்ஜின் ஓடுகிறது, அம்மா. ஒரு வரிசையில் மட்டும் நாற்று விழவில்லை. மெக்கானிக் தஞ்சாவூரிலிருந்து வர மதியம் ஆகுமாம். பாய் நாற்றங்காலிலிருந்து (இயந்திர நடவுக்கென்று பாய்போல் வளர்த்தது) உரித்த நாற்றெல்லாம் வரப்பில் காய்கிறது.

[காலை 8:01] யாழினி: என்ஜினை நிறுத்திவிட்டு, அந்த வரிசையில் நாற்றைக் கிள்ளி எடுக்கும் நகத்தைப் பக்கத்து வரிசை நகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேய்ந்தோ வளைந்தோ இருந்தால் அது நாற்றைப் பிரித்தெடுக்காது. நாற்றுத் தட்டின் வாயில் மண் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

[காலை 8:04] செந்தில் அண்ணன்: நான் வேலை செய்யும் கோயம்புத்தூரில் சாண்ட்விச் டிப்ளமோ படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அதுவும் இதே முறைதானே, சித்தப்பா?

[காலை 8:16] அப்பா: ஏறக்குறைய அதே முறைதான். நம் பாலிடெக்னிக்குகளில் சாதாரண டிப்ளமோ மூன்று ஆண்டு. சாண்ட்விச் முறையில் மூன்றரை ஆண்டு. அதில் ஆறு மாதம் வீதம் இரண்டு முறை தொழிற்சாலைப் பயிற்சி இருக்கிறது. முடித்த பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேரலாம். நான் துவாக்குடியில் ஃபிட்டராக இருந்தபோது அப்படிப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஃபோர்மேன் அக்கறையோடு வேலை கொடுத்த இடத்தில் ஆறே மாதத்தில் வெர்னியர், மைக்ரோமீட்டர் போன்ற நுண்ணிய அளவுக் கருவிகளைப் பிடித்துத் தாங்களே அளந்து சொன்னார்கள். தேநீர் வாங்கிவர மட்டும் அனுப்பப்பட்டவர்கள் வந்தபடியே திரும்பினார்கள். எனவே இங்கேயானாலும் கனடாவானாலும், அந்த மாதங்களில் அவளுக்கு யார் வேலை கற்றுத்தருவார்கள் என்பதைத்தான் நாம் முதலில் விசாரிக்க வேண்டும். எனக்கு இதுதான் பெரிய கவலை, பணம்கூட இரண்டாவதுதான்.

[காலை 8:19] கமலா அத்தை: யாழினிக்கு எது விருப்பம்? அவளை யாரும் கேட்கவில்லையே.

[காலை 8:31] யாழினி: அத்தை, எனக்கு இயந்திரம் வேண்டும், ஊர் எதுவானாலும் சரி. கனடாவில் சேர்ந்தால் அளவுக் கருவிகளும் தானியங்கி இயந்திரங்களும் அதிகம் பழகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அப்பா சொல்வது எனக்கும் சரியாகப் படுகிறது. சென்ற ஆண்டுகளில் இந்தப் படிப்பில் எத்தனை பேருக்குக் கோ-ஆப் இடம் கிடைத்தது, எந்த வகை நிறுவனங்கள் எடுத்தன, இடம் கிடைக்காத மாணவர் அந்தப் பருவத்தில் என்ன செய்வார், கோ-ஆப் இல்லாமலும் படிப்பை முடிக்கலாமா என்று கல்லூரிக்கு இன்றே கடிதம் எழுதுகிறேன். சித்தப்பா அதைத் திருத்தித் தர வேண்டும்.

[காலை 8:33] ரவி சித்தப்பா (ஹாமில்டன்): அனுப்பு, அம்மா. பதில் வரும் முன் முன்பணம் கட்ட வேண்டாம். கட்டினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதிலேயே கேள்.

[காலை 8:40] செந்தில் அண்ணன்: ஈடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் சொத்து ஈடு கேட்பது வழக்கம். ஆனால் விவசாய நிலத்தை அவர்கள் எளிதில் ஏற்பதில்லை. கடன் தவறினால், ஈட்டுச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தின்படி விவசாய நிலத்தின் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்பதே காரணம். வெண்ணாற்றங்கரை நஞ்சையை விட்டுவிட்டு வீட்டு மனையைத்தான் கேட்பார்கள்.

[காலை 8:42] கமலா அத்தை: அம்மா இருக்கும் வீட்டையா?

[காலை 8:47] அப்பா: எனக்கு இது தெரியாது, அக்கா. திங்கட்கிழமை வங்கி மேலாளரிடம் நேரில் கேட்கிறேன். வீட்டைப் பற்றி யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை.

[காலை 9:10] பெரியப்பா: நகம் வளைந்துதான் இருந்தது. பழைய இயந்திரத்திலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினோம்; நடவு ஓடுகிறது. யாழினி படிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. வீட்டுப் பத்திரம் அம்மாவின் பெயரில் இருப்பதால் அம்மாவைக் கேட்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். சாண்ட்விச் டிப்ளமோவுக்கும் விண்ணப்பம் போட்டு வைக்கட்டும்.

[காலை 9:14] கமலா அத்தை: ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். அதுவரை எவரும் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

[காலை 9:15] பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை மேலத் தாக்கில் நடவு இருக்கிறது. மாலையில் வா, பேசலாம்.

[காலை 9:17] யாழினி: கடிதத்தை எழுதிவிட்டேன், சித்தப்பா. உங்கள் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறேன்.