வெள்ளவத்தை மாடிக் குழு: பாரைக் குழம்பும் பழப்புளியும்

துஷி: அரைக்கிலோ பாரை மீன் இருக்கு. பழப்புளி எவ்வளவு போடோணும்? தேங்காய்ப்பாலோட சேர்த்துக் கொதிக்க விட்டா ஏன் திரையுது?

4ஏ அன்ரி: தேசிக்காயளவு பிள்ளை, நிறுத்தா 25–30 கிராம். முக்கால் கப் சுடுதண்ணியில 15 நிமிஷம் ஊறட்டும். பச்சைத்தண்ணியெண்டா சதை சக்கையோட போயிடும். பிசைஞ்சு வடிச்சு, கால் கப் விட்டு இன்னொருக்காப் பிழியுங்கோ.

சிவா அண்ணா: பாலைப் பற்றிச் சொல்லேல்லையே அன்ரி

4ஏ அன்ரி: பொறுங்கோ தம்பி, எழுதிக்கொண்டிருக்கிறன் 😄
வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி வெந்தயம் தாளியுங்கோ. வெந்தயம் கருகினா குழம்பே கைக்கும். பிறகு கப்பிப்பால் (முதற்பாலுக்குப் பிறகு பிழியிற தண்ணிப்பால்) ஒண்டரைக் கப், கறித்தூள் 2 மேசைக்கரண்டி, உப்பு, புளி. 8–10 நிமிஷம் நல்லாக் கொதிச்சு பச்சைப்புளி வாசம் போனாத்தான் மீன். மீன் விழுந்த பிறகு அகப்பை வேண்டாம், சட்டியைப் பிடிச்சு ஆட்டுங்கோ.
கப்பிப்பாலில கொழுப்புக் குறைவு, திரைஞ்சாலும் தெரியாது. முதற்பால்தான் காட்டிக் குடுக்கும். மீன் அவிஞ்ச பிறகு, நெருப்பைக் குறைச்சு அரைக் கப் விட்டு, ஓரத்தில குமிழி வரேக்க இறக்கிடுங்கோ.

துஷி: போத்தல் புளிப் பேஸ்ட் எண்டா?

சிவா அண்ணா: ஒவ்வொண்டும் ஒவ்வொரு புளிப்பு. 2 தேக்கரண்டியில தொடங்கி ருசி பாருங்கோ. லேபிளில உப்பு இருந்தா கறிக்கு உப்பைக் குறையுங்கோ.

ராணி அக்கா: அலுமினியச் சட்டி மட்டும் வேண்டாம். புளி அதை அரிச்சு தகர ருசி வரும். மண்சட்டி, இல்லாட்டி எவர்சில்வர்.
உருளைக்கிழங்கு போடுற குழம்பெண்டா கிழங்கு அவிஞ்ச பிறகுதான் புளி. முன்னமே விட்டா எவ்வளவு எரிச்சாலும் நடுவில நறுக்கெண்டு நிக்கும். பருப்பும் அப்பிடித்தான்.

துஷி: வீட்டில இருக்கிற புளி கறுப்பா இருக்கு, பழுதோ?

ராணி அக்கா: அது பழைய புளி. பூஞ்சணம் இல்லாட்டிப் பயமில்லை, குழம்பு கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான். ரசத்துக்குப் புதுப்புளி வையுங்கோ. கொட்டை எடுத்து, கல்லுப்புப் போட்டுப் பிசைஞ்சு கண்ணாடிப் போத்தலில அடையுங்கோ. இந்தக் கடற்காத்துக்கு மூடி திறந்திருந்தாத் தண்ணி விடும்.

சிவா அண்ணா: பழப்புளிக்குப் பதிலா கொறக்கா (காயவைச்ச புளிப்புப் பழம்) போட்டா என்ன?

ராணி அக்கா: அது பால் விடாத அம்புல் தியலுக்கு, அதுதான் சிங்களவரின்ர புளி மீன்கறிக்குத் தோது. இந்தக் குழம்புக்குப் பழப்புளிதான்.

துஷி: புளி கூடிட்டுதெண்டா?

4ஏ அன்ரி: உப்பைக் கூட்டாதேங்கோ. கப்பிப்பால் கால் கப், ஒரு சிட்டிகை சீனி.

துஷி: சரி அன்ரி, சட்டியை வைக்கிறன்

4ஏ அன்ரி: புளி ஊறப்போட்டாச்சோ?

துஷி: 🙈