நார்வே ஃபியோர்டு கப்பல்: வயதானவர்களோடு கரையில் எதைப் பார்க்கலாம்?

பாளைவாசி:
வணக்கம். வரும் ஜூலையில் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு நார்வே போகலாம் என்று இருக்கிறோம். சவுத்தாம்ப்டனில் ஏறி ஸ்டாவாங்கர், ஃப்ளாம், கெய்ராங்கர், பெர்கன் பார்த்துவிட்டு அங்கேயே திரும்பும் ஒரு வாரக் கப்பல். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டுவலி வேறு, படி என்றால் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவார். அம்மா முட்டைகூடத் தொடமாட்டார்கள். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கப்பல்காரர்கள் போட்டிருக்கும் டூர் விலையைக் கூட்டினால் தலை சுற்றுகிறது. எதைக் கப்பலிலேயே எடுப்பது, எதை நாமே பார்த்துக்கொள்வது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

டவுன்காரன்:
தம்பி, நாலு ஊருக்கும் நாலு டூர் எடுக்காதீர்கள். அங்கே பெரிய காட்சியே கப்பல் ஃபியோர்டுக்குள் நுழைவதும் வெளியே வருவதும்தான். ஃபியோர்டு என்றால் பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் ஏறி நிற்பது. ஃப்ளாமுக்குப் போகிற சோங்னஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆழமான இடத்தில் 1,300 மீட்டர், அதனால்தான் அவ்வளவு பெரிய கப்பல் மலையடிவாரம் வரை போய் நிற்க முடிகிறது. ஜூலையில் நாலு மணிக்கெல்லாம் நல்ல வெளிச்சம் வந்துவிடும், அப்பாவுக்குச் சால்வையைப் போர்த்தி மேல்தளத்தில் உட்கார வையுங்கள். கெய்ராங்கரில் ஏழு சகோதரிகள் அருவியும் கப்பலிலிருந்தே தெரியும்.

காசு போட வேண்டிய இடம் ஃப்ளாம் மலை ரயில். 20 கிலோமீட்டர்தான், ஆனால் கடலோரத்தில் புறப்பட்டு மிர்டால் நிலையத்தில் 866 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது, வழியில் ஒரு பெரிய அருவிக்கு முன்னால் நிறுத்தி இறங்கிப் பார்க்க விடுவார்கள். போக வர இரண்டு மணி நேரம். நிலையம் துறைமுகத்தின் பக்கத்திலேயே இருப்பதால் டிக்கெட்டை நீங்களே எடுக்கலாம், ஆனால் முன்கூட்டியே எடுங்கள்.

ஸ்டாவாங்கரில் ப்ரைக்கெஸ்டோலன் பாறைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 604 மீட்டர் செங்குத்துப் பாறை, மேலே போய் வர எட்டுக் கிலோமீட்டர் நடை, அப்பாவால் முடியாது. பாறைக்கு அடியில் இருக்கும் லீசஃபியோர்டில் படகில் போனால் கீழிருந்தே அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். பெர்கனுக்கு டூரே வேண்டாம், விஞ்ச் ரயிலில் ஏறினால் சில நிமிடத்தில் 320 மீட்டர் உயரத்தில் ஊர் முழுவதும் தெரியும்.

பொருநைக்கரை:
அண்ணாச்சி சொன்னது சரிதான், ஆனால் கெய்ராங்கரில் மட்டும் கப்பல் டூரையே எடுங்கள் என்பேன். அங்கே டால்ஸ்நிப்பா என்கிற மலையுச்சி சுமார் 1,500 மீட்டர் உயரம், பஸ் மேலே வரை போகும், ஜூலையிலும் ஓரத்தில் பனி கிடக்கும். வளைந்து வளைந்து ஏறுகிற மலைப்பாதை, ஒரு வண்டி நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். கப்பல் டூர் பஸ் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், நாமாகப் போய்த் தாமதித்தால் கிளம்பிவிடும்.

அதைவிட முதலில் விசாவைப் பாருங்கள். சவுத்தாம்ப்டனில் ஏறினால் பிரிட்டன் விசா தனி, நார்வேக்கு ஷெங்கன் (ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான விசா) தனி, மூன்று பேருக்கும் இரண்டிரண்டு. ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலோ கோபன்ஹேகனிலோ புறப்பட்டு நார்வே மட்டும் போகிற கப்பல் கிடைத்தால் ஷெங்கன் ஒன்றே போதும். ஷெங்கனுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள்.

குற்றாலச் சாரல் என்று நினைத்துக் குடையோடு போய்விடாதீர்கள். பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, கோடையிலும் குளிர்காற்றோடு பெய்யும். தலைமூடியோடு மழைக்கோட்டும் வழுக்காத ஷூவும் வாங்குங்கள். அம்மாவுக்குச் சைவம் என்பதை புக் செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள், ஏறிய அன்று பரிமாறுகிறவர்களிடமும் ஒருமுறை சொல்லுங்கள். பருப்புப்பொடி எடுத்துப் போகலாம், நெய் வேண்டாம், வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுபோகத் தடை உண்டு. நல்லெண்ணெய் போதுமே.

பாளைவாசி:
அக்கா, அண்ணாச்சி, ரொம்ப நன்றி. விசா விஷயம் யோசிக்கவே இல்லை, கீல் புறப்பாட்டை இன்றே பார்க்கிறேன். கெய்ராங்கரில் கப்பல் கரையை ஒட்டி நிற்குமா? அப்பா படகு மாறி ஏற வேண்டியிருக்குமா?

டவுன்காரன்:
சில கப்பலுக்கு மிதக்கும் நடைபாலம் கிடைக்கும், மற்றவை நடுவில் நங்கூரம் போட்டுச் சிறுபடகில் இறக்கும். அலை இருந்தால் நடக்கச் சிரமப்படுகிறவர்களைப் படகில் ஏற்றமாட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் தேதிக்கு எது என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள்.