மீலாது: ஒரே ஹதீஸைக் காட்டி இரு தரப்பாரும் எதிரெதிர் முடிவுக்கு வருவது எப்படி?

கேள்வி: ஸீரா மாணவி

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். ரபீஉல் அவ்வல் மாதம் நெருங்கும்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில், நபி (ஸல்) அவர்களின் பிறந்த நாளைக் கொண்டாடும் மீலாது பற்றிய விவாதம் எழுகிறது. மவ்லித் மஜ்லிஸில் (நபி புகழ் ஓதும் சபையில்) அமர்ந்து ஸலவாத் (நபிக்காக அருள் வேண்டும் வாழ்த்து) ஓதுவதை நபி (ஸல்) அவர்கள் மீதுள்ள நேசத்தின் அடையாளமாக வாப்பா (தந்தை) கருதுகிறார்கள். காக்காவோ (அண்ணன்) அது மார்க்கத்தில் பிற்காலத்தில் நுழைந்த பித்அத் (புதுமை) என்கிறார். இருவருமே தொழுகையில் பேணுதலுள்ளவர்கள், இருவருமே ஹதீஸ் (நபியின் சொல், செயல் பற்றிய அறிவிப்பு) நூல்களைத் தேடிப் படிப்பவர்கள் என்பதால், அறியாமையில் பேசுகிறார் என்று யாரையும் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

என்னைக் குழப்புவது இதுதான். திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது தாம் பிறந்த நாள் என்றும் தமக்கு வஹீ (இறைச்செய்தி) அருளப்பட்ட நாள் என்றும் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸை இருவருமே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பிறந்த நாளை நன்றியோடு நினைவுகூர இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று வாப்பா கேட்கிறார்கள். அந்த நன்றியைச் செலுத்தும் முறை நோன்பு என்று அவர்களே காட்டித் தந்துவிட்ட பிறகு நாம் வேறொன்றை ஏன் உண்டாக்க வேண்டும் என்று காக்கா கேட்கிறார். கருத்து பிரிவது எந்த இடத்தில்? ஒருவரையொருவர் வழிகெட்டவர் என்றோ நபியை நேசிக்காதவர் என்றோ சொல்லாமல் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: சுன்னா வழி

வஅலைக்குமுஸ்ஸலாம், சகோதரி. நான் உங்கள் காக்காவின் கருத்தில் இருப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நபி (ஸல்) அவர்களை அவர்களுடைய தோழர்களைவிட அதிகமாக நேசித்தவர் எவரும் இல்லை. அந்தத் தோழர்கள் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் ஆண்டுக் கணக்கை வகுக்கக் கூடியபோது, நபியவர்களின் பிறப்பைத் தொடக்கமாகக் கொள்ளவில்லை. மதீனாவுக்குச் சென்ற ஹிஜ்ரத்தையே கொண்டார்கள். பிறந்த தேதி எதுவென்று வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை ஒருமித்துச் சொல்லவில்லை. ரபீஉல் அவ்வல் 8 என்போரும், 9 என்போரும், பெரும்பாலோர் அறிந்திருக்கும் 12 என்போரும் இருக்கிறார்கள். ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) அந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாடியிருந்தால் இந்தக் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இருந்திருக்காது. இரு பெருநாள்களின் தேதியில் யாருக்காவது ஐயம் உண்டா?

ஒரு செயலுக்கான காரணம் அவர்கள் காலத்திலேயே இருந்தது, தடை எதுவும் இருக்கவில்லை, ஆனாலும் அதைச் செய்யாமல் விட்டார்கள் என்றால், விட்டதும் நமக்கு வழிகாட்டல்தான். “நம்முடைய இந்த மார்க்கத்தில் இல்லாததைப் புதிதாக உண்டாக்கினால் அது நிராகரிக்கப்படும்” என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், நல்ல எண்ணத்தோடு உண்டாக்கியதா இல்லையா என்று பிரித்துப் பேசவில்லை. நல்லெண்ணம் இருந்தால் போதும் என்று கதவைத் திறந்துவிட்டால் அதை எந்த இடத்தில் மூடுவது என்பதே என் கவலை.

பதில் 2: கிதாபு வாசகர்

அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரர் சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை. மீலாதை அனுமதித்த இமாம்களும் மறுக்கவில்லை. ஹதீஸ் கலையின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (மறைவு கி.பி. 1449) அவர்களின் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு), இது முதல் மூன்று தலைமுறையினரிடமிருந்து அறிவிக்கப்படாத பித்அத் என்ற ஒப்புதலோடுதான் தொடங்குகிறது. நன்மையும் தீமையும் இதில் கலந்திருக்கின்றன, தீமையை விலக்கி நன்மையை மட்டும் செய்பவருக்கு இது நல்ல பித்அத் என்று அவர்கள் தொடர்கிறார்கள். மதீனாவுக்கு வந்தபோது, மூஸா (அலை) காப்பாற்றப்பட்ட நாளுக்காக யூதர்கள் ஆஷூரா நோன்பு வைத்திருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மூஸாவுக்கு நாங்களே அதிக உரிமையுடையவர்கள் என்று தாமும் நோன்பு வைத்து, பிறரையும் வைக்கச் சொன்னார்கள் அல்லவா? ஓர் அருட்கொடை கிடைத்த நாள் ஆண்டுதோறும் திரும்பி வரும்போது அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தலாம் என்பதற்கு இப்னு ஹஜர் அதையே அடிப்படையாகக் கொண்டார்கள்.

நபியவர்கள் செய்யாதது எல்லாமே தடுக்கப்பட்டது என்றால், குர்ஆனை ஒரே தொகுப்பாகத் திரட்டும் பணி ஒப்படைக்கப்பட்டபோது ஸைத் இப்னு ஸாபித் (ரலி) எழுப்பிய கேள்விக்கு என்ன பொருள்? அல்லாஹ்வின் தூதர் செய்யாததை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்றுதான் அவர்களும் கேட்டார்கள். அல்லாஹ்வின் மீதாணையாக இது நன்மையானது என்ற விடையே கிடைத்தது. ரமளான் இரவுகளின் தராவீஹ் தொழுகைக்கு மக்களை ஒரே இமாமின் பின்னால் திரட்டிய உமர் (ரலி), “இது எவ்வளவு நல்ல பித்அத்” என்று சொன்னது ஸஹீஹுல் புகாரீயில் இருக்கிறது.

தேதியைப் பற்றிய வாதத்துக்கும் ஒரு விடை உண்டு. மவ்லிதைப் பெருவிழாவாக நடத்தியவர்களில் பெயர்பெற்றவர் இர்பில் நகரத்தை ஆண்ட முளஃப்பருத்தீன் கோக்பூரி. ஸலாஹுத்தீன் ஐயூபியின் சகோதரியை மணந்தவர், கி.பி. 1233இல் மறைந்தவர். தேதியில் கருத்து வேறுபாடு இருந்ததால் அவர் ஓர் ஆண்டு எட்டாம் நாளிலும் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் நாளிலும் விழா எடுத்தார் என்று அதே நகரில் பிறந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதுகிறார். நாளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவர், அந்தத் தேதியையே புனிதமான கடமையாகக் கருதியிருக்க முடியுமா?

ஒரு செய்தியை மட்டும் என் தரப்பாரிடம் கேட்டுக்கொள்கிறேன். நபியவர்கள் பிறந்த மகிழ்ச்சியில், பின்னாளில் அவர்களைக் கடுமையாக எதிர்த்த அபூலஹப் தன் அடிமைப் பெண் ஸுவைபாவை விடுதலை செய்ததால் அவனுக்கும் வேதனை குறைக்கப்படுகிறது என்று மேடைதோறும் சொல்கிறோம். ஸஹாபாக்களுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த உர்வாவிடமிருந்து வரும் அந்தச் செய்தி, அறிவிப்பாளர் தொடர் அறுந்த முர்ஸல், அதுவும் ஒரு கனவு. இப்னு ஹஜரே தம் விரிவுரையில் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஆஷூரா நோன்பு என்ற உறுதியான ஆதாரம் கையில் இருக்கும்போது, இதன் மேல் கட்டடம் எழுப்ப வேண்டிய தேவை நமக்கு இல்லை.

பதில் 3: மத்ரஸா ஆசிரியர்

சகோதரி கேட்டது, கருத்து பிரிவது எந்த இடத்தில் என்பது. நபியின் மீதுள்ள நேசத்தில் இருவரும் பிரியவில்லை, ஹதீஸின் தரத்திலும் பிரியவில்லை. “பித்அத்” என்ற சொல்லுக்கு எதை உட்படுத்துவது என்பதில்தான் பிரிகிறார்கள். ஸலவாத், குர்ஆன் ஓதுதல், ஸீரா (நபியின் வாழ்க்கை வரலாறு) சொல்லுதல், ஏழைகளுக்கு உணவளித்தல் ஆகிய ஒவ்வொன்றும் மார்க்கத்தில் உள்ளவையே. இவற்றை ஒரு மாதத்தில் ஒன்றாகத் திரட்டி வைப்பது வெறும் ஏற்பாடு என்று பார்ப்பவர், மத்ரஸாவுக்குப் பாடத்திட்டம் வகுப்பதைப் போல அதை அனுமதிக்கிறார். நாளையும் அமைப்பையும் குறித்துவிடுவதே அதை ஒரு தனி வணக்கமாக்கிவிடுகிறது என்று பார்ப்பவர் தடுக்கிறார். தடுத்தவர்களில் தாஜுத்தீன் அல்ஃபாகிஹானீ (மறைவு கி.பி. 1334) மிகவும் தெளிவாக எழுதினார். ஒருவர் தம் சொந்தப் பணத்தில் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் விருந்தளித்து, அதில் பாவமான காரியம் எதுவும் இல்லாவிட்டாலும்கூட, அதை வெறுக்கத்தக்க பித்அத் என்றே அவர் வைத்தார். பாவங்கள் கலந்தால் ஹராம் (தடுக்கப்பட்டது) என்றார். அவருக்குப் பின் வந்த இமாம் ஸுயூதீ (மறைவு கி.பி. 1505) அவருடைய நூலை முழுமையாக எடுத்து வைத்து, வரிக்கு வரி மறுப்பு எழுதினார்கள். எதிர்த்தரப்பின் சொற்களை மறைக்காமல் வாசகர் முன் வைத்துவிட்டுப் பேசும் அந்த ஒழுங்கு இன்றைய மேடைகளில் அருகிப்போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இப்னு தைமிய்யா (மறைவு கி.பி. 1328) அவர்களை இரு தரப்பாரும் பாதியாக மேற்கோள் காட்டுகிறார்கள். முன்னோர்கள் செய்யவில்லை, நன்மையாக இருந்திருந்தால் நம்மைவிட அவர்களே அதற்கு உரியவர்கள் என்று அவர் எழுதியது உண்மை. அதே நூலில், இதைச் செய்யும் சிலருக்கு அவர்களுடைய நல்ல எண்ணத்துக்காகவும் நபியவர்களைக் கண்ணியப்படுத்தியதற்காகவும் பெரும் கூலி கிடைக்கலாம் என்று எழுதியதும் உண்மை. இரண்டும் முரண் அல்ல. செயலுக்குரிய தீர்ப்பு வேறு, செய்தவருக்குரிய தீர்ப்பு வேறு என்பதை அவர் பிரித்து வைத்தார். ஓர் ஆட்சியாளர் குர்ஆன் பிரதியை அலங்கரிக்க 1000 தீனார் செலவிட்ட செய்தி இமாம் அஹ்மதிடம் சொல்லப்பட்டபோது, தங்கத்தை அவர்கள் செலவிட்டவற்றில் இதுவே சிறந்தது, விட்டுவிடுங்கள் என்று அவர்கள் சொன்னதை இப்னு தைமிய்யா அங்கேயே எடுத்துக்காட்டுகிறார். அத்தகைய அலங்காரத்தை இமாம் அஹ்மத் விரும்பியவர் அல்லர். ஒன்றைத் தடுக்கும்போது அந்த மனிதர் அதைவிடச் சிறந்ததை நோக்கிப் போவாரா, அல்லது எல்லாவற்றையும் விட்டுவிடுவாரா என்று பார்க்க வேண்டும் என்பதே அங்கே அவர் சொல்ல வந்தது. உங்கள் காக்கா இந்தப் பகுதியை ஒருமுறை முழுமையாகப் படிக்கட்டும்.

உங்கள் வாப்பாவுக்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. மக்காவில் வாழ்ந்து 1899இல் மறைந்த ஹாஜி இம்தாதுல்லாஹ் அவர்கள் மவ்லித் மஜ்லிஸில் கலந்துகொண்டவர். எழுந்து நின்று ஸலவாத் சொல்வதில் தமக்கு இன்பம் உண்டு என்று எழுதியவர். அவர்களிடம் பைஅத் (ஆன்மிக உறுதிமொழி) பெற்ற ரஷீத் அஹ்மத் கங்கோஹீ அவர்களோ அந்த மஜ்லிஸைக் கடுமையாக எதிர்த்து ஃபத்வா கொடுத்தவர். அதனால் ஆசிரியர் மாணவரை விலக்கவும் இல்லை, மாணவர் ஆசிரியரின் மீதுள்ள மரியாதையைக் கைவிடவும் இல்லை.

ஸீரா மாணவி

அனைவருக்கும் ஜஸாகுமுல்லாஹு கைரா. மூன்றாம் பதிலை வாப்பாவுக்கும் காக்காவுக்கும் வாசித்துக் காட்டப்போகிறேன். சுன்னா வழி சகோதரரிடம் மட்டும் இன்னும் ஒன்று. இந்த மாதத்து மஜ்லிஸில் ஸீராவிலிருந்து ஒரு பகுதியை வாசிக்கும்படி வாப்பா என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உங்கள் கருத்துப்படி நான் மறுத்துவிட வேண்டுமா?

சுன்னா வழி

சகோதரி, உங்கள் இடத்தில் நான் இருந்தால், அங்கே என்னென்ன ஓதப்படுகின்றன என்பதை முதலில் வாப்பாவிடம் மரியாதையோடு கேட்டிருப்பேன். துன்பம் நேரும்போது அடைக்கலம் தேட உங்களையன்றி எனக்கு யாருமில்லை என்று நபியவர்களை அழைக்கும் பைத்துகள் (பாடல் வரிகள்) அதில் இருந்தால், அந்த அழைப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது என்பதால் நான் கலந்துகொள்ள மாட்டேன். மர்யமின் மகன் விஷயத்தில் கிறிஸ்தவர்கள் வரம்பு மீறிப் புகழ்ந்ததைப் போல என்னைப் புகழாதீர்கள், நான் அடியானே என்று சொன்ன நபியின் மஜ்லிஸ் அல்லவா அது! குர்ஆனும் ஸலவாத்தும் நம்பகமான ஸீராவும் மட்டும்தான் என்றால், அந்த நாளுக்கென்று தனி நன்மை இருப்பதாக எண்ணாமல், வாப்பாவின் சொல்லுக்காகவும் நபியவர்களின் வாழ்வை நாலு பேர் கேட்பதற்காகவும் நீங்கள் வாசிப்பதைப் பாவம் என்று சொல்ல என்னால் முடியாது. நபியவர்களின் தோற்றத்தையும் பண்புகளையும் சொல்லும் திர்மிதீயின் ஷமாயில் நூலிலிருந்து அவர்கள் சிரித்த விதம், உண்ட விதம், வீட்டாரோடு நடந்துகொண்ட விதம் பற்றிய பாடங்களை வாசியுங்கள். அதே பாடங்களை அடுத்த மாதமும் வாசிக்கலாமா என்று வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.