புதுப்பிப்பு: பெரியப்பாவின் அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர் கடிதம் கிடைத்துவிட்டது

மருத்துவரிடம் முழு விவரத்தோடு கடிதம் வாங்குவது எப்படி என்று மார்கழியில் இங்கே கேட்டிருந்தேன். பெரியப்பாவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்க மருத்துவர் தந்ததோ "சிகிச்சையில் இருக்கிறார்" என்ற ஒற்றை வரி. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கும்பகோணத்து அக்கா சொன்ன வழிதான் பலித்தது. வெறுமனே கடிதம் கேட்காமல், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: நோயின் பெயர், செய்ய வேண்டிய அறுவை, உத்தேசச் செலவு, மருத்துவரின் பதிவு எண், கையொப்பம், முத்திரை, தேதி. புறநோயாளிகள் கூட்டம் ஓய்ந்த பிறகு போனேன். மூன்றாம் நாள் முழுக் கடிதம் வந்தது. எதற்கென்று தெரியாமல்தான் முதலில் சுருக்கி எழுதியிருக்கிறார், பாவம்.

எதிர்பாராத சிக்கல் பெயரில் வந்தது. ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால், மருத்துவமனைச் சீட்டில் முன்னால், எழுத்துகளும் வேறு. கடிதத்தை மறுபடி எழுதி வாங்க வேண்டியதாயிற்று. முதலிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். சம்பா அறுவடை நேரம், கிராம நிர்வாக அலுவலரைப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. மருத்துவர் கடிதத்தின் அசலைத்தான் அனுப்ப வேண்டும். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்ட தொகையில் ஒரு பகுதியை நிவாரண நிதியிலிருந்து ஒதுக்கியிருக்கிறார்கள். பணம் நம் கைக்கு வராது, நேராக மருத்துவமனைக்கே போகும். மீதிக்குப் பெரியம்மாவின் வளையல்களைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்திருக்கிறோம். பங்குனியில் அறுவை.