ட்ரெண்ட் சார்ட்டில் ஊஞ்சலாடும் ஏ.எச்.யூ. வால்வு: உதவி தேவை

அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஏ.எச்.யூ.வில் (காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் இயந்திரம்) சப்ளை ஏர், அதாவது அது அனுப்பும் காற்றின் வெப்பநிலை நிலைக்கவே மாட்டேன் என்கிறது. செட்பாயிண்ட் (இருக்க வேண்டிய அளவு) 13 டிகிரி; ட்ரெண்டிலோ (நேரவாரியான பதிவு வரைபடம்) 10-க்கும் 16-க்கும் இடையே ஆட்டம். குளிர்நீர் வால்வும் கூடவே முழுதாகத் திறந்து மூடுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 6 நிமிடம். 15 நிமிட இடைவெளியில் பதிவானபோது வெறும் தாறுமாறான புள்ளிகள்தான் தெரிந்தன (அதை வைத்து எதைப் பிடிப்பது!). 1 நிமிடமாக்கிய பிறகே அலை தெளிவானது.

போன மாதம் ஆக்சுவேட்டரை (வால்வைத் திருப்பும் மோட்டார்) மாற்றியதிலிருந்து இப்படி. பழையது 150 விநாடியில் திறக்கும், புதியது 35 விநாடி. இரண்டுக்குமே கட்டுப்பாட்டு சிக்னல் 0-10 வோல்ட். மாலையில், குளிர்விக்கும் சுமை குறையும்போது மோசம்.

சென்சார் சரி. வால்வைக் கையால் 40 சதவீதத்தில் நிறுத்தினால் கோடு நேராகிறது. குளிர்நீர் 7 டிகிரியில் அசையவில்லை. கெயினை (வெப்பநிலை விலகும்போது கன்ட்ரோலர் எவ்வளவு பலமாக வால்வை நகர்த்தும் என்ற அளவு) பாதியாக்கினேன், ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை.

கோளாறு கன்ட்ரோலரின் ட்யூனிங்கா (அதன் அமைப்பு மதிப்புகள்), வால்வு அளவுக்கு மீறிப் பெரிதா என்று பிரித்தறிய, ட்ரெண்டில் அடுத்து எதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்?