காலி செய்யச் சொன்னால்: வடசென்னைக் கரைகளில் பார்த்தவை (நான்கு பேர் புனைபெயரில் சொன்னவை)

கால்வாய்க்கரை:
கரையோர வீடுகளைக் காலி செய்து ஏற்றிப்போக லாரி வந்து நிற்கிற நாளை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் ஒரு குடும்பத்துக்கு மாற்று வீடு உண்டா இல்லையா என்பது பல மாதம் முன்பே, கணக்கெடுப்பு அன்றே முடிந்துபோகிற விஷயம். பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் என்று எந்தக் கரையானாலும் பெயர் விடுபடுகிற விதம் ஒன்றுதான். பூட்டியிருந்த வீடு ‘ஆள் இல்லை’ ஆகிவிடும். விடியுமுன் காசிமேட்டு ஏலத்துக்குப் போகிற பெண்கள் கூடையோடு தெருத்தெருவாகச் சுற்றி மதியம்தான் திரும்புவார்கள். கணக்கெடுக்கிறவர்கள் பத்து மணிக்கே வந்துவிடுவார்கள்.

அடுத்தது, ஒரே கதவுக்குள் இரண்டு அடுப்பு. கல்யாணமான மகன் தட்டி மறைத்துத் தனியாகப் பொங்கிச் சாப்பிடுவான், ரேஷன் கார்டு மட்டும் அப்பா பெயரில் இருக்கும். காகிதத்தில் அது ஒரு குடும்பம், எனவே ஒரு வீடு. கார்டைக் கணக்கெடுப்புக்கு முன்பே பிரித்திருந்தால் பேச இடம் உண்டு. பிறகு பிரித்தால் ‘வீட்டுக்காகப் பிரித்தது’ என்று தள்ளிவிடுவார்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம், கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் வரும். பிள்ளையின் பள்ளிப் பதிவில் உள்ள விலாசம், கர்ப்ப கால அட்டை, வாக்காளர் பட்டியலில் அந்தத் தெருவின் பக்கம், இவைதான் அவர்களுக்குத் துணை. ஆதார் இன்னும் செங்கத்திலோ செய்யாறிலோ இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

கதவில் பெயின்ட்டால் எழுதிய எண் தெரிய, குடும்பம் முழுக்க நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பெயர் இல்லையென்று தெரிந்த வாரமே மாற்று வீடு ஒதுக்குகிற குடிசை மாற்று வாரியத்தின் நிர்வாகப் பொறியாளருக்கு எழுத்தில் மனு. (2021-ல் வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது, கரையில் இன்னும் ஸ்லம் போர்டுதான்.) நகலை ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ‘பாத்துக்கலாம்மா’ என்று சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போவார், சொன்ன சொல்லும் அவரோடு போய்விடும்.

சாக்பீஸ்:
பள்ளிக்கு டிசி மட்டும் போதாது தோழர். பழைய பள்ளி எமிஸில், அதாவது கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேட்டில், பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும், அங்கிருந்துதான் புதுப் பள்ளி எடுக்க முடியும். இல்லாவிட்டால் பிள்ளை மாற்று வீடு கொடுக்கிற பெரும்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கும், பெயர் கொருக்குப்பேட்டையில் இருக்கும். அரசு கொடுக்கிற எதுவும் பெயர் இருக்கிற இடத்துக்குத்தான் கணக்காகும். டிசி தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அது 8-ஆம் வகுப்பு வரைக்கும்தான். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் பரீட்சையை முடிக்க வைக்கிறார்கள். பெண் பிள்ளையை அப்படி விடப் பயந்து படிப்பையே நிறுத்துகிற வீடும் உண்டு, அது எந்தக் கணக்கெடுப்பிலும் வராது.

வாய்தா:
நோட்டீஸ் எந்தச் சட்டத்தில் வந்தது என்று முதலில் பாருங்கள். 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டம் என்றால், 7-வது பிரிவில் விளக்கம் கேட்டுவிட்டுத்தான் 6-வது பிரிவில் அகற்ற முடியும். 7 வராமல் 6 வந்தால் அதுவே வழக்குக்குப் போதுமான காரணம். 7 வந்தும் பதில் எழுதாமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு.

பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பை எல்லோரும் மனுவில் சேர்ப்பார்கள். பிழைப்பும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது, வாஸ்தவம். நடைபாதையில் இருக்க உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. மழைக்காலம் கழியட்டும் என்று 1985 அக்டோபர் 31 வரை அவகாசம் தந்தது. பம்பாயில் மழை விடுகிற தேதி, நமக்கு மழை பிடிக்கிற தேதி! ஆகவே வடகிழக்குப் பருவமழை என்று தனியாகக் குறிப்பிடுங்கள். மழையிலும் இரவிலும் பரீட்சை நேரத்திலும் வெளியேற்றக் கூடாது என்கிற 2007 ஐ.நா. வழிகாட்டுதலையும் சேர்க்கலாம். அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் தேதி தள்ளிவைக்கக் கேட்கும்போது உதவும்.

செங்குன்றம் ரோடு:
புழல், கும்மிடிப்பூண்டி இலங்கை அகதி முகாம்களில் விலாசத்தைவிடப் பிறந்த தேதிதான் முக்கியம். 2021-ல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது, குடியுரிமைச் சட்டம் மாறவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் இந்தியர். அதற்குப் பின் என்றால் தாய், தந்தையில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கவும் கூடாது. ஒரே வீட்டில் அக்கா இந்தியர், தம்பி அகதி. ஆனால் அக்கா பிறந்ததைப் பதியாமல் விட்டிருந்தால் அந்த உரிமை வாயளவில்தான். தாமதப் பதிவை முதலில் முடியுங்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து மலையகக் குடும்பமென்றால் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாத்தா இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டாரா என்று தேடுங்கள். கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட் நகல், மனு எண், எது கிடைத்தாலும் சரி. ஒப்பந்தப்படி கப்பலேறி வந்தவர் ‘தாயகம் திரும்பியோர்’, 1983-க்குப் பின் படகில் வந்தவர் ‘அகதி’. இரண்டு பேரும் ஒரே லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அண்ணன் தம்பியாக இருக்கலாம். வியாசர்பாடி பர்மாக்காரர்களும் அந்த முதல் பெயரில் வந்தவர்கள்தான். 1969-ல் ரெப்கோ வங்கி தொடங்கியது தாயகம் திரும்பியோருக்காகத்தான்.

கால்வாய்க்கரை:
முதியோர் உதவித்தொகையைச் சொல்ல மறந்துவிட்டேன். அது தாலுகாக் கணக்கு. பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம் என்பதால், உதவித்தொகையைப் பார்க்கிற தனி வட்டாட்சியர் கோப்பை அங்கே அனுப்புகிற வரை பணம் நின்றுபோகும். ரேஷனாவது கைரேகை வைத்து எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று விதி இருக்கிறது, சரக்கு குறைந்தால் திருப்பி அனுப்புவது வெளிக்கார்டைத்தான் என்றாலும். பென்ஷனுக்கு அந்த வழியும் கிடையாது. உத்தரவு எண்ணையும் கடைசியாகப் பணம் வந்த மாதத்தையும் பழைய தாலுகாவில் எழுதி வாங்காமல் பாட்டியை லாரியில் ஏற்றாதீர்கள்.