பக்டீரியா நுளம்பு: எங்கள் ஒழுங்கைக் குழுவில் நடந்த கதை

குமரன்: எல்லாரும் இதை வாசியுங்கள். "டெங்குவை ஒழிக்கிறோம் என்று சொல்லிப் பக்டீரியா ஏற்றிய நுளம்பை வளர்த்து ஊருக்குள் விடுகிறார்கள், அது கடித்தால் பிள்ளை பிறக்காது." வேறு குழுவில் வந்தது. மாரி தொடங்குது, கவனம்.

யோகா மாமி: ஐயோ கடவுளே, இருக்கிற நுளம்பு காணாதென்று இன்னும் விடப் போறாங்களா? செல்வி மகள், நீ வந்தாறுமூலைக் கம்பஸில் விலங்கியல்தானே படிக்கிறாய், உண்மையா இது?

செல்வி: நுளம்பு விடுவது உண்மை மாமி, மற்றது முழுப் பொய். குமரன் அண்ணன், கோபிக்காதீர்கள், தயவுசெய்து இதை இனி ஒருவருக்கும் அனுப்ப வேண்டாம்.

செல்வி: அந்தப் பக்டீரியாவின் பெயர் வொல்பாக்கியா. 1924இலேயே அமெரிக்காவில் சாதாரண நுளம்புக்குள் கண்டுபிடித்தது, யாரும் புதிதாகச் செய்ததில்லை. பூச்சி இனங்களில் ஏறத்தாழ பாதிக்குள் இது இயற்கையாகவே இருக்கிறது. இரவில் காதடியில் வந்து பாடுகிற கியூலெக்ஸ் நுளம்புக்குள்ளும் உண்டு, அது எங்களை எத்தனை தலைமுறையாகக் கடிக்கிறது, யாருக்காவது பிள்ளை பிறக்காமல் போனதா? டெங்குவை அதிகமாகப் பரப்பும் ஈடிஸ் எஜிப்தி என்ற நுளம்புக்குள்தான் இது இயற்கையில் இல்லை. அதனால் பழ ஈயிலிருந்து எடுத்து ஈடிஸ் முட்டைக்குள் ஊசியால் ஏற்றினார்கள். ஏற்றியபின் அந்த நுளம்பின் உடம்பில் டெங்கு வைரஸ் பெருகுவது நன்றாகக் குறைகிறது, வைரஸுக்குத் தேவையான கொழுப்பை இந்தப் பக்டீரியா போட்டியிட்டு எடுத்துக்கொள்வது ஒரு காரணம் என்கிறார்கள். வைரஸ் பெருகாவிட்டால் கடித்தாலும் டெங்கு தொற்றுவது அரிது.

குமரன்: அப்போ பிள்ளை பிறக்காது என்ற கதை எங்கிருந்து வந்தது? நெருப்பில்லாமல் புகையாதே தங்கச்சி.

செல்வி: அது நுளம்பின் கதை அண்ணன், அதை மனிசருக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள். பக்டீரியா உள்ள ஆண் நுளம்பு, இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் அந்த முட்டை பொரிக்காது. பெண்ணிடம் பக்டீரியா இருந்தால், ஆண் எப்படிப்பட்டதாக இருந்தாலும் முட்டை பொரிக்கும், குஞ்சுகளுக்கும் பக்டீரியா போகும். எங்கள் மட்டக்களப்பில் குடி, அதாவது வம்சம், தாய்வழியாக வருகிறதே, அதே மாதிரி. ஆகவே சில மாதம் விட்டால் காணும், பிறகு அந்த இடத்து ஈடிஸ் எல்லாம் மெல்ல மெல்ல பக்டீரியா உள்ளதாகவே மாறிவிடும். மருந்தென்றால் ஒவ்வொரு மாரிக்கும் அடிக்க வேண்டும், இது தானாகவே நிற்கும்.

திலகா அக்கா: இது எங்கேயாவது சரிவந்திருக்கா செல்வி? போன மாரியில் என்ர மகனை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு, பிளேட்லெட் எவ்வளவு என்று விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத்தான் தெரியும். புகை அடித்துவிட்டுப் போனார்கள், அடுத்த கிழமை பார்த்தால் பழையபடி நுளம்பு.

செல்வி: சரிவந்திருக்கு அக்கா. 2011இல் அவுஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் பக்கம் முதலில் விட்டார்கள். பிறகு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, சிலதில் விட்டு, சிலதில் விடாமல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விட்ட பகுதிகளில் டெங்கு 77 வீதம் குறைந்தது, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 86 வீதம் குறைவு. 2021இல் வெளிவந்த முடிவு. சிங்கப்பூரில் வழி வேறு, அங்கே ஆண் நுளம்பை மட்டும் விடுகிறார்கள். ஆண் கடிக்காது, முட்டை பொரிக்காததால் நுளம்பின் தொகையே குறைகிறது. எங்கள் நாட்டிலும் கொழும்பில் நுகேகொட, பொரளைப் பக்கம் பரீட்சித்திருக்கிறார்கள்.

குமரன்: எங்கள் வெயிலுக்குத் தாங்குமா அது?

செல்வி: நல்ல கேள்வி அண்ணன். பழ ஈயிலிருந்து எடுத்த பக்டீரியா வகை கடும் சூட்டில் குறைந்துபோகிறது, வெயிலில் கிடக்கும் டயர்த் தண்ணீரில் வளரும் குடம்பியை யோசித்துப் பாருங்கள். அதனால்தான் கோலாலம்பூரில் சூடு தாங்கும் இன்னொரு வகையை விட்டார்கள், அங்கே 40 வீதம் அளவில் குறைந்தது. முழுதாக ஒழியவில்லை, குறைந்தது. எனக்கு அதுவே பெரிய விசயம். 2017இல் இந்த நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்ததே, அதில் பாதி குறைந்திருந்தால் எத்தனை வீட்டில் அழுகை இல்லாமல் போயிருக்கும்.

திலகா அக்கா: எங்கள் ஒழுங்கைக்கு வந்தால் என்ர வளவுக்குள்ளே விடச் சொல்லி நானே கேட்பேன்.

யோகா மாமி: அது வரும்போது வரட்டும், இந்த மாரிக்கு என்ன செய்கிறது மனே?

செல்வி: பழைய வேலைதான் மாமி. புகை பறக்கிற நுளம்பை மட்டும்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஈடிஸ் முட்டை காய்ந்த பாத்திரத்தில் மாதக்கணக்காகக் கிடந்து மழைத்தண்ணி பட்டதும் பொரிக்கும், ஆகவே தண்ணியை ஊற்றினால் மட்டும் காணாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். எனக்குப் பயம், கனடாவில் இருக்கிறவர்களின் பூட்டிய வீடுதான். கூரைப் பீலி நிறைய இலை, பின்னால் மூடாத தாங்கி. ஈடிஸ் தூரம் பறக்காது, அங்கே பிறந்தது எங்களைத்தான் கடிக்கும்.

யோகா மாமி: அந்த வீட்டுத் திறப்பு என்னிடம்தான் இருக்கு. இரவைக்கு அவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

குமரன்: ஞாயிறு காலை ஏணியோடு வருகிறேன் மாமி. அந்தச் செய்தி வந்த குழுவில் செல்வி எழுதினதை அப்படியே போடப் போறேன், சரியா தங்கச்சி?

செல்வி: போடுங்கள் அண்ணன். காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும், அஸ்பிரின், புரூபன் கொடுக்கவே கூடாது என்பதையும் கீழே சேர்த்துவிடுங்கள்.